ஆளை விட்டுத் தூக்குவாளியைப் பிடித்த பொத்தான்

ஒரு படத்தில் எது முக்கியம் என்பதைக் கணினி நொடியில் முடிவு செய்துவிடுகிறது. அந்த முடிவைத் திருத்த அரைநாள் செலவிடுவதே எங்கள் தொழில். ஓய்வுபெற்ற தமிழாசிரியையான என்னை, சிவகாசியில் அச்சு வடிவமைப்புக்கூடம் நடத்தும் செல்வம் எழுத்துப்பிழை பார்ப்பதற்காகத்தான் அழைத்தார். எழுத்துப்பிழை குறைந்ததும் படப்பிழைகளும் என் மேசைக்கு வந்து சேர்ந்தன. படத்திலுள்ள ஆளைத் தானே தேர்ந்து பின்னணியை நீக்கித் தருவதாக வாக்களிக்கும் அந்தப் பொத்தானை நீங்களும் அழுத்தியிருப்பீர்களாயின், என் களைப்புக்குத் தனி விளக்கம் தேவையில்லை.

தூக்குவாளி

ஆகஸ்டு மாதம் ஏழாம் தேதி, ஆடி வெள்ளி. மழை இல்லை, காலையிலிருந்தே ஆடிக்காற்று புழுதியை வாரிக் கண்ணாடிக் கதவின்மேல் எறிந்துகொண்டிருந்தது. அந்தப் புழுதியோடு ஆமத்தூரிலிருந்து முத்துமாரி என்ற பெண் வந்தாள். ஆவணியில் அவளுக்குத் திருமணம். மண்டப வாசலில் கட்டும் பேனரில், சென்ற ஆண்டு காமாலையில் இறந்துபோன அவளுடைய தாயின் படம் இடம்பெற வேண்டும். “மாப்பிள்ளை வீட்டுல தாய் தகப்பன் ரெண்டு பேரு படமும் வருது. எங்கம்மா இல்லாம அந்தப் பேனரக் கட்ட விடமாட்டேன் டீச்சர்” என்றாள்.

அவளிடம் இருந்தது ஒரே ஒரு கைப்பேசிப் படம். தாய் பட்டாசு ஆலையில் பூச்சட்டி எனப்படும் புஸ்வாணத்துக்கு மருந்து நிரப்பும் வேலை செய்தவர். ஆலைக்குள் கைப்பேசி கொண்டுசெல்லக் கூடாது. எனவே, மாலையில் வேனுக்காகக் காத்து நின்றபோது வாசலுக்கு வெளியே யாரோ ஒரு தோழி எடுத்தது. முகம், கை, சேலை எல்லாவற்றிலும் அலுமினியப் பொடி படிந்திருந்தது. பின்னால் அதே சாம்பல் நிறத்தில் சிமெண்டுச் சுவர். ஆதார் அட்டைப் படம் இருக்குமே என்று கேட்டேன். “அதுல இருக்கது யாருன்னு எங்களுக்கே தெரியாது டீச்சர்” என்றாள்.

பொத்தானை அழுத்தினேன். புள்ளிக்கோடு ஓடி, அவர் கையிலிருந்த எவர்சில்வர் தூக்குவாளியை மட்டும் பிசிறில்லாமல் சுற்றி வளைத்தது. வெயில் பட்டுப் பளபளத்த பொருள் அந்தப் படத்திலேயே அது ஒன்றுதான். முத்துமாரி திரையைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். “கரெக்ட்டுதான் டீச்சர். போட்டோன்னா எங்கம்மா வாளிய முன்னால நீட்டிட்டு, தான் பின்னால போயி ஒளிஞ்சுக்கிருவா!”

எந்த அடுக்கு?

என்னுடன் பணியாற்றும் காளீஸ்வரி விரைவானவள். விரைவே அவளுடைய குறை. நான் அந்தப் படத்தோடு போராடுவதைக் கண்டு பொறுக்காமல், அதைத் தன் கணினியில் பேனரில் ஒட்டி, அதே பொத்தானை அழுத்தினாள். ‘படத்தில் ஆள் எவரும் இல்லை’ என்று பதில் வந்தது. மறுபடி அழுத்தினாள். மென்பொருளை மூடித் திறந்தாள். இறுதியில் கணினியையே அணைத்து எழுப்பினாள். பதில் மாறவில்லை.

நான் எழுந்து சென்று பார்த்தேன். பேனரில் படமும் எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தனித்தனி அடுக்குகளில் இருக்கும். அவள் தேர்ந்திருந்தது தாயின் படமுள்ள அடுக்கை அன்று. ‘நல்லாசியுடன்’ என்ற எழுத்துகளுள்ள அடுக்கை. எழுத்துகளுக்குள் ஆள் இல்லை என்று இயந்திரம் கூறியது முற்றிலும் உண்மை. பொத்தான் வேலை செய்யாவிட்டால் முதலில் நாம் எந்த அடுக்கில் நிற்கிறோம் என்று பார்க்க வேண்டும் என்றேன். சரியான அடுக்குக்கு மாற்றி அழுத்தியதும் மீண்டும் தூக்குவாளி வந்தது. காளீஸ்வரி பெருமூச்சு விட்டாள். “ஆளே இல்லைங்கிறதுக்கு இந்த வாளியே தேவலை டீச்சர்.”

மத்தாப்பும் ஊதுபத்தியும்

முத்துமாரியின் படத்துக்கே நாள் முழுவதையும் கொடுத்துவிட முடியாது, சீசன் நேரம். பட்டாசுக் கம்பெனி முதலாளி ஒருவர் மத்தாப்புப் பெட்டிக்கு லேபிள் கேட்டிருந்தார். ஒரு பெண் மத்தாப்பு ஏந்திச் சிரிக்கும் படம். பொத்தான் பெண்ணை ஒழுங்காகத் தேர்ந்தது. பொறிகளை மட்டும் பின்னணிக் குப்பை என்று கருதித் துடைத்தெறிந்தது. எஞ்சியது ஒரு கம்பியும், அதன் நுனியில் ஒரு சிவப்புப் புள்ளியும். செல்வம் அவசரத்தில் அதையே மாதிரியாக அனுப்பிவிட்டார்.

பொறியையும் புகையையும் வெட்டி எடுக்க முயலாதீர்கள் என்பது நான் பட்டறிந்தது. அவற்றைக் கறுப்புப் பின்னணியோடு தனி அடுக்கில் வைத்து, வெளிச்சத்தை மட்டும் கலக்கும் முறைக்கு மாற்றினால், கறுப்பு தானே மறைந்து பொறிகள் தங்கும். அவ்வாறே செய்து முடித்தேன். ஆனால் அதற்குள் முதலாளியின் தொலைபேசி வந்துவிட்டது. “டீச்சர், நான் மத்தாப்பு கம்பெனி வச்சிருக்கேன். நீங்க ஊதுபத்தி ஏவாரத்துக்கு லேபிள் போட்டுக் குடுத்திருக்கீக.”

மாமன் கை

மறுநாள் ஒருவர் தம் மகளின் காதணி விருந்துக்குப் பேனர் கேட்டு வந்தார். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்திய படம் ஒன்றுதான் குழந்தை அழாமல் இருந்த படம். காது குத்திய அன்று மாலையே அந்த மாமனோடு, அதாவது தம் மைத்துனருடன், வாய்த்தகராறாம். இனி நடக்கவிருக்கும் விருந்தை ஊருக்குச் சொல்லும் பேனரில் மைத்துனர் இருக்கக் கூடாது என்றார். மடியில் இருக்கும் பிள்ளையையும் மடிக்குரியவரையும் இயந்திரம் ஒரே உருவமாகக் கொள்ளும். குழந்தையை மட்டும் கட்டமிட்டுக் காட்டி, மிகுந்ததைக் கழித்துக் கழித்து மாமனை நீக்கினேன். இடுப்பைச் சுற்றிப் பிடித்திருந்த கையை மட்டும் நீக்க முடியவில்லை. நீக்கினால் பாவாடையில் பள்ளம் விழுந்தது.

உடலற்ற அந்தக் கையை அவர் நெடுநேரம் பார்த்தார். அதன் விரலில் மோதிரம் வேறு இருந்தது. வெளியே சென்று தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். “கை மட்டும் இருந்தா ஊரே சிரிக்கும் டீச்சர். சனியன், ஆளையும் கொண்டாந்து உக்கார வச்சிருங்க.”

சுவரும் பொடியும்

முத்துமாரியின் பேனர் அச்சுக்குப் போகவேண்டிய நாள் நெருங்கியது. கட்டமிட்டுக் காட்டிப் பார்த்தேன். சுவரும் சேர்ந்து வந்தது. தூரிகையால் தடவிச் சேர்த்துப் பார்த்தேன். தோள் எங்கு முடிகிறது, சுவர் எங்குத் தொடங்குகிறது என்பது எனக்கே தெரியவில்லை. வாட்சப் வழியே வந்து நைந்த படம். பெரிதாக்கினால் சதுரம் சதுரமாக உடைந்தது.

கடைசியில் படத்துக்கு ஒரு நகல் எடுத்து, நகலில் மட்டும் ஒளிவேறுபாட்டை அளவுமீறி ஏற்றினேன். சுவர் மங்கி இருண்டது. பொடி படிந்த நெற்றியும் கன்னமும் தோளும் மினுமினுத்து எழுந்தன. இப்போது பொத்தானை அழுத்தியபோது கோடு அவரைத் தலைமுதல் கால்வரை சுற்றியது. அந்த எல்லைக்கோட்டை அப்படியே மூலப்படத்துக்குக் கொண்டுவந்தேன். காளீஸ்வரி தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். “இம்புட்டு நாளும் ஒளிச்சு வச்ச பொடியே இப்பக் காட்டிக் குடுத்திருச்சே டீச்சர்!”

கழுவிய முகம்

அத்துடன் நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் கறையோடு ஒரு தாளை ஒப்படைப்பது எனக்குப் பழக்கமில்லை. முகத்திலும் கையிலும் இருந்த பொடியை நீக்கி மாநிறம் கொடுத்தேன். சேலைக்கு அரக்கு நிறம் ஏற்றினேன். தூக்குவாளியை எடுத்துவிட்டேன். செல்வம் பார்த்துவிட்டு மிக அருமை என்றார்.

முத்துமாரி வந்து பார்த்தாள். “படம் நல்லாத்தான் இருக்கு டீச்சர். இது யாரோட அம்மா?” என்று கேட்டாள். சம்பந்திகள் பட்டுடுத்தி நிற்கும் பேனரில் பொடி படிந்த முகம் வேண்டாமே என்று நினைத்ததாகச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. “விடியமுன்ன வேன் ஏறுனா, பொழுதடையத்தான் வருவா. இந்த வெள்ளி மூஞ்சியப் பாத்துத்தான் தெருமுனைக்கு ஓடுவோம். வாளியில சேவு வாங்கிட்டு வருவா” என்றாள். பிறகு திரையில் வெறுமையாக இருந்த அந்தக் கையைத் தொட்டுக் காட்டினாள். “அதக் கையில குடுத்துருங்க டீச்சர். எங்கம்மா வெறுங்கையோட வாசப்படி ஏறுனதே இல்ல.”

அதன்பின் நடந்தவை

பொடியையும் வாளியையும் மீட்டுக் கொடுத்தேன். பேனர் உரிய நாளில் அச்சாகி மண்டப வாசலில் கட்டப்பட்டது. அழைப்பை ஏற்றுக் காளீஸ்வரியும் நானும் சென்றோம். பட்டுடுத்திய சம்பந்திகளுக்கு எதிர்ப்பக்கம், சாம்பல் நிறத்தில், வாளியை முன்னே நீட்டியபடி அவர் நின்றார். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர், “ஏன், நல்ல படம் ஒண்ணும் கெடைக்கலையா?” என்று உரக்கக் கேட்டார்; பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகும் அவர் மனைவி, அவரைக் கைபிடித்துச் சாப்பாட்டுப் பந்திக்கு அழைத்துச் சென்றாள். மாலையில் முத்துமாரி பேனரை அவிழ்த்துச் சுருட்டித் தன் புகுந்த வீட்டுக்கு எடுத்துச் சென்றாள்.

சென்ற வாரம் மென்பொருளின் புதிய பதிப்பு வந்தது. சோதிப்பதற்காக அந்தப் பழைய படத்தைத் திறந்து பொத்தானை அழுத்தினேன். படத்தில் எது முக்கியம் என்ற கேள்விக்கு இயந்திரம் இன்னமும் தூக்குவாளியையே காட்டுகிறது. அதை முழுத்தவறு என்று திருத்தத்தான் எனக்கு இப்போது கை வரவில்லை.