மந்திரிப் பட்டியலும் ஒரு மீசையும்

ஆண்டர்சன்பேட்டை டீக்கடையில் ஷிப்ட் முடிந்த சுரங்கத் தொழிலாளர்களும், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நானும் இருக்கிறோம். கடைக்காரர் இல்லை. எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. மந்திரியாகாவிட்டால் பாதி மீசையை மழித்துக்கொள்வதாகக் கடைத்தெருவில் சவால் விட்டுவிட்டு, பதவியேற்பைப் பார்க்கப் பெங்களூர் போயிருக்கிறார்.

ரேடியோவில் கேபினட் மந்திரிகளின் பெயர்கள் முடிகின்றன. எம்.எல்.ஏ.வின் பெயர் வரவில்லை.

"ஞாயித்துக்கிழமை பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். அரை மீசையோட சம்பந்தி முன்னாடி எப்படி நிப்பாரு இந்த மனுஷன்?" என்கிறார் அவருக்குப் பதிலாக டீ ஆற்றும் கடைக்காரரின் மனைவி.

அடுத்து இணை மந்திரிகள். நான்காவதாக அந்தப் பெயர் வருகிறது.

"இன்னா தம்பி, சின்ன மந்திரியும் கணக்குல சேருமா?" என்று என்னைக் கேட்கிறார்.

"பிரமாணம் எடுத்தா மந்திரிதாங்க அக்கா."

அக்கா சிரித்தபடி எல்லோருக்கும் இலவசமாக டீ ஊற்றுகிறார். மீசை தப்பிய செலவு: ஒன்பது டீ, பதினெட்டு ரூபாய்.