விளங்காமல் சொன்ன ஓம்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு சித்திரை மாதக் காலை. சிட்னியிலிருந்து தனியாகப் பறந்து போய், ஜப்பானில் ஒரு விமான நிலையத்தின் சுங்கச் சோதனை வரிசையில் நின்றேன். வயது ஐம்பத்து மூன்று. துணையில்லாமல் நான் போன முதல் பயணம் அது.

இளம் வயதில் இரண்டு வருடம் மாலை வகுப்பில் ஜப்பான் மொழி படித்தவள் நான். அதன்பிறகு அதைப் பேச ஓர் ஆளும் கிடைக்கவில்லை. "உம்மட ஜப்பான் பாஷையை வச்சு ஒரு தேத்தண்ணியும் வாங்கேலாது" என்று என் கணவர் ஹோம்புஷ் ரயில் நிலையம்வரை கேலி செய்துகொண்டே வந்தார். எனக்கு ரோஷம். என் தொழிலே மொழிபெயர்ப்பு. ஆஸ்பத்திரி, நீதிமன்றம், அகதிகளை அடைத்துவைக்கும் வில்லாவுட் தடுப்பு முகாம் என்று, தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்காக ஆங்கிலம் பேசிச் சம்பாதிக்கிறவள். நான் வாய் திறக்க முடியாமல் நிற்பதா?

சுங்க மேசையில் இருந்த இளம் அதிகாரி ஆங்கிலத்தில்தான் தொடங்கினார். நான் சும்மா இருந்திருக்கலாம். ஜப்பான் மொழியில் காலை வணக்கம் சொல்லி, கொஞ்சம் பேசுவேன் என்றும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்து கடகடவென்று பேசத் தொடங்கினார். என் கையிருப்பு அத்துடன் முடிந்துவிட்டது.

கைப்பையைத் திறந்தார். உள்ளே ஒரு சின்னப் போத்தல். முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு எனக்குக் கொடுத்த கடும் வலி மாத்திரைப் போத்தல் அது. மருந்தின் பெயரும் என் பெயரும் ஒட்டியபடியே இருந்தன. மாத்திரை எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது உள்ளே இருந்தது திருநீறு. இறுக்கமான மூடியுள்ள போத்தலை எறிய எங்கள் ஆட்களுக்கு மனம் வருமா? என் குசினியில் ஐஸ்கிரீம் பெட்டியைத் திறந்தால் மிளகாய்த்தூள்தான் இருக்கும். அந்தப் பழக்கத்தில் செய்த வேலை. அதிகாரியின் கண்ணுக்குத் தெரிந்ததோ, கடும் மருந்துப் போத்தலில் வெள்ளைத் தூள்.

அவர் கையுறை போட்டார். இன்னொருவரைக் கூப்பிட்டார். என்னை ஒரு சிறிய அறைக்குக் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தினார்கள். கடவுச்சீட்டையும் கைத்தொலைபேசியையும் வாங்கிக்கொண்டார்கள். போதைப்பொருள் என்றால் அந்த நாட்டில் வருடக்கணக்கில் சிறை என்று எங்கோ வாசித்தது அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது.

மூத்த அதிகாரி ஒருவர் வந்து, எனக்கு அவர்கள் மொழி தெரியும் என்ற நம்பிக்கையில், அதிலேயே ஒவ்வொன்றாகக் கேட்டார். 'மருந்து' என்ற சொல் மட்டும் பிடிபட்டது. "ஹை" என்றேன். அவர்கள் மொழியில் அதுதான் 'ஓம்', ஆங்கிலத்தில் 'யெஸ்'. அடுத்த கேள்வி விளங்கவே இல்லை. அதற்கும் "ஹை". மூன்றாவதற்கும் "ஹை". ஓம் என்று சொன்னால் கோபிக்கமாட்டார்கள், கெதியில் விட்டுவிடுவார்கள் என்று பயந்துபோன மனம் கணக்குப் போட்டது. அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே இருந்தார்.

நாலாவது முறை வாய் திறந்தபோதுதான் ஒரு மனிதரின் முகம் நினைவுக்கு வந்தது. வில்லாவுட்டில் ஒரு விசாரணையில் அவருக்காக நான் மொழிபெயர்த்தேன். எதைக் கேட்டாலும் "ஓம்... ஓம்" என்றார். அவருக்குக் கேள்வி விளங்கவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. இவருக்கு விளங்கவில்லை போலிருக்கிறது, திரும்பக் கேளுங்கள் என்று அதிகாரிக்கு நான் ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். எனக்கு அடுத்த வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. உள்ளுக்குள் எரிச்சல் வேறு. அவர் சொன்ன ஓம் எல்லாவற்றையும் அப்படியே 'யெஸ்' ஆக்கிவிட்டு எழும்பிப் போய்விட்டேன்.

விளங்கவில்லை என்பதற்கான ஜப்பான் சொல், முதல் வாரப் பாடம். அதைச் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

மூத்தவர் பேனாவை வைத்துவிட்டு ஓர் எண்ணை அழுத்தினார். தொலைபேசியில் ஒரு பெண் குரல், ஆங்கிலத்தில். என்னைப்போல ஒரு மொழிபெயர்ப்பாளர். அவர் முதலில் சொன்னது இதுதான்: "விளங்காத இடத்தில் தலையாட்ட வேண்டாம். எத்தனை தரமும் கேட்கலாம். எனக்கு அவசரம் இல்லை."

எல்லாக் கேள்விகளையும் முதலிலிருந்து கேட்டார்கள். மூன்றாவது, 'இதை வேறு யாருக்காவது கொடுக்கவா கொண்டுவந்தீர்கள்?' அதற்கும் நான் ஓம் என்றிருந்தேன். திருநீறு என்றால் என்ன என்று விளக்க, என் கைத்தொலைபேசியைக் கேட்டு வாங்கி, அதில் கணவரின் கோயில் படத்தைக் காட்டினேன். நெற்றி முழுக்கப் பட்டை. இளம் அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். பரிசோதனை முடிவு வரும்வரை இரண்டு மணி நேரம் அந்தக் கதிரையிலேயே இருந்தேன். கடைசியில் திருநீற்றைப் புதுப் பை ஒன்றில் போட்டு, இரண்டு கையாலும் ஏந்தித் திருப்பித் தந்தார்கள்.

இப்போது எந்த வேலைக்குப் போனாலும் முதலில், "நான் ஒண்டு சொல்லட்டோ?" என்று அதிகாரியிடம் அனுமதி வாங்கி, எதிரில் இருப்பவரிடம் சொல்கிறேன்: "விளங்காட்டி விளங்கேல்லை எண்டு சொல்லுங்கோ. எத்தனை தரமும் கேக்கலாம், எனக்கு அவசரமில்லை." சிலர் நேரத்தைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

அந்த வில்லாவுட் மனிதருக்குப் பிறகு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. விசாரிக்க எங்கள் தொழிலில் அனுமதியும் இல்லை. எனக்கு ஒரு குரல் வந்து கைகொடுத்தது. அன்று அவருக்கென்று அந்த அறையில் இருந்த ஒரே குரல் நான்தான்.