நடுக்களத்துக்காரர்

மட்டை பந்தில் பட்ட ஓசை போதும், திரும்பிப் பார்க்காமலே வெண்டெல் டுப்ரி தீர்ப்புச் சொல்லிவிடுவார்: "தூரமாப் போகுது. ஆனா வேலியத் தாண்டாது." அமெரிக்காவின் மேக்கன் நகரப் பூங்காவில் பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி, வேகவைத்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருக்கும்போதும் அந்தக் கணிப்பு பிசகுவதில்லை.

பேஸ்பாலால் சோறு தின்றவர் அவர். சிற்றூர் அணிகளோடு பேருந்தில் உறங்கி எழுந்த ஆண்டுகள் பல. பெரிய லீகில் இரண்டே கோடைகள். அவர் சொல்லும்போது அவை பத்தாக நீளும். மளிகைக்கடை வரிசையில் நிற்கையில்கூட அவரது இடக்கை பின்னால் நீண்டு சுவரைத் துழாவும். அண்ணாந்தபடியே பின்னோக்கி ஓடி, வேலியில் மோதாதிருக்கப் பழகிய கை அது.

வேலிப்பக்கம் பந்து பிடிக்க நிற்கும் மூவரில் நடுவில் நின்றவர் அவர். பந்து உயர எழுந்தால் நடுக்களத்துக்காரரின் குரலே சட்டம். அவர் "என்னுது!" என்றால் மற்றவர் விலகவேண்டும். வெண்டெல் எல்லாப் பந்துக்கும் அப்படித்தான் கத்தினார். ஒருமுறை இடக்களத்தில் ஆடிய கார்லிஸ் விலகவில்லை, முன்பல் போயிற்று. ஒரே தெருவில் வசிக்கும் இருவரிடையே அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

"உன் சத்தத்துக்கு முன்னாடி முழங்கைதான்டா வந்துச்சு!"

"பல்லு போனா என்ன? பந்தப் புடிச்சேன்ல?"

ஞாயிறுதோறும் முதியோர் அணியிலும் அவர்களுக்கு அதே இடங்கள்தான். அண்மைக்காலமாக வெண்டெலின் கண்ணில் புரை படர்ந்து, வெளிர்வானத்தில் பந்து கரைந்துவிடுகிறது. அணித்தலைவர் ஹார்வி சென்ற ஞாயிறு ஆட்டத்துக்கு முன் எச்சரித்தார்:

"பெருசு, இன்னிக்கு ஒண்ணு விட்டாலும் நடுக்களம் கார்லிஸுக்கு. நீ அவன் எடத்துக்குப் போயிரு."

"என்னை அங்கயே பொதைச்சுட்டு அப்புறம் மாத்து."

ஆட்டத்தின் நடுவே அந்த ஓசை கேட்டது. வெண்டெலின் கால்கள் சரியான இடத்துக்கே ஓடின. அண்ணாந்தார்; எங்கும் வெள்ளைதான். பக்கத்தில் கார்லிஸ், வழக்கம்போல் அவர் குரலுக்காகக் காத்திருந்தார். வாய்வரை வந்த சொல்லை விழுங்கிவிட்டு வெண்டெல் கத்தினார்:

"உன்னுது, கார்லிஸ்! புடிடா!"

அவர் வாயிலிருந்து ஒருநாளும் கேட்டிராத சொல். கார்லிஸ் தடுமாறி, பந்தை வயிற்றோடு அணைத்துப் பிடித்தார்.

"ஏன்டா, உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"பேசாம பந்த எறிடா. எதிரணிக்காரன் ஓடுறான் பாரு!"

பந்து ஏதும் தவறவில்லை. ஹார்வி இடம் மாறச் சொல்லவும் இல்லை. அடுத்த சுற்றுக்கு அணி களமிறங்கியபோது வெண்டெல் நடுக்களம்வரை நடந்தார். நிற்காமல் அதைக் கடந்தார். இடக்களத்தில் போய், முழங்காலில் கையூன்றிக் குனிந்து நின்றார்.