ராகி மேல் போட்ட பழி

இந்த ஊரில் மனிதர்கள் நின்றுகொண்டே தின்கிறார்கள். எலெக்ட்ரானிக் சிட்டியில் நான் பஸ்ஸை விட்டு இறங்கும் இடத்துக்கு எதிரே ஓர் ஓட்டல் இருக்கிறது. நாற்காலி கிடையாது. மார்பளவு உயரத்தில் வட்ட மேசைகள். ஒவ்வொன்றையும் சுற்றி நாலைந்து பேர், கழுத்தில் கம்பெனி அட்டை, ஒரு கையில் போன், மறு கையில் இட்லி. வெல்லம் போட்ட சாம்பாரில் அதை முக்கி, மென்றும் மெல்லாமலும் விழுங்கிவிட்டு ஓடுவார்கள். எங்கள் மன்னார்குடிப் பக்கம் மாடு தவிடு தின்று முடிக்கும்வரை அதைக்கூட அவிழ்க்க மாட்டோம். இந்த அவசரக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே வியாதி. பெயர் ‘கேஸ்ட்ரிக்’. நெஞ்சு எரிந்தாலும் கேஸ்ட்ரிக், முதுகு பிடித்தாலும் கேஸ்ட்ரிக், தலை வலித்தாலும் அதுவேதான். மருந்துக்கடையில் அந்த ஒரு சொல் போதும். என்ன ஏது என்று கேட்காமல் அட்டையிலிருந்து நாலு மாத்திரையைக் கத்தரித்து நீட்டுவான்.

ஊரில் இருப்பவர்களே, நீங்களும் சிரிக்க வேண்டாம். அங்கே அதற்கு வாய்வு என்று பெயர். ஒரு கோலி சோடாவை உடைத்துக் குடித்து, பெரிதாக ஓர் ஏப்பம் விட்டு, வியாதியே போய்விட்டது என்று மீசையைத் துடைத்துக்கொள்கிற கூட்டம் நாம்.

ஒன்பது வருடமாக ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் பேன்ட்ரியில் வேலை செய்கிறேன். காப்பி போடுவது, கோப்பை கழுவுவது, மீட்டிங் அறையில் பிஸ்கட் வைப்பது. அதிகம் பேசாதவன் என்பதால் என்னை யாரும் கவனிப்பதில்லை. நான் எல்லாரையும் கவனிப்பேன். பால் இல்லாத காப்பியை ஒரு நாளைக்கு ஆறு தடவை குடித்துவிட்டு, ஏழாவது தடவை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சீரகத் தண்ணீர் கேட்கிற மேனேஜர் ஒருவர் உண்டு. தீ வைப்பவர் அவர், தண்ணீர் கொண்டு ஓட வேண்டியவன் நான். ஒருநாள் வயிற்று ஆரோக்கியம் பற்றி ஒரு பெண்மணி வந்து பேசினார். வயிற்றைக் காயப் போடாதீர்கள், மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கொஞ்சமாவது சாப்பிடுங்கள் என்றார். கை தட்டினார்கள். சுவரோரம் தட்டு ஏந்தி நின்ற நாங்கள் மூன்று பேரும் காலையிலிருந்து ஒரு வாய் சோறு தின்றிருக்கவில்லை. அலுவலகத்தார் மதியச் சாப்பாட்டை முடித்து, மேசை துடைத்த பிறகுதான் பேன்ட்ரி ஆட்கள் சாப்பிடலாம் என்பது சட்டம். அதற்கு இரண்டரை மணி ஆகும்.

அவர்களை எல்லாம் எள்ளி நகைத்த நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஊரில் அரிசி மில்லில் மூட்டை சுமந்ததில் என் முட்டி கெட்டுப்போனது. ஆறு மணிக்கு வெறும் வயிற்றோடு கிளம்புவேன். முதல் காப்பியை ருசி பார்க்கிற சாக்கில் ஒரு டம்ளர், அதோடு கடையில் வாங்கிய வலி மாத்திரை இரண்டு. தினமும் இதுதான். மேல்வயிற்றில் கத்தியால் சீவுகிற மாதிரி எரிச்சல் வந்தபோது, எனக்கும் கேஸ்ட்ரிக் என்று அதே கடைக்காரனிடம் சொன்னேன். அவன் நாலு மாத்திரை கத்தரித்தான். வெட்கமே இல்லாமல் வாங்கிக்கொண்டேன்.

ராகி வயிற்றுக்குக் குளிர்ச்சி என்று யாரோ சொல்ல, அறைக்குப் பக்கத்து மெஸ்ஸில் இரவு ராகி முத்தே சாப்பிட ஆரம்பித்தேன். சோறு தின்று வளர்ந்தவனுக்கு அந்தக் கருத்த உருண்டை ஒரு தண்டனை. மெல்லக் கூடாதாம், குழம்பில் புரட்டி அப்படியே விழுங்க வேண்டுமாம். உள்ளூர்க்காரர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டு வாரத்தில் எனக்கு வெளிக்குப் போவது கறுப்பாக, தார் மாதிரி போனது. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. எனக்குச் சந்தேகமே வரவில்லை. கறுப்பாகத் தின்றால் கறுப்பாகத்தான் போகும்; இந்த ஊரின் கண்றாவிச் சாப்பாடு இப்படித்தான் என்று முடிவு கட்டி, ராகியை மனதாரத் திட்டினேன்.

எங்களோடு துப்புரவு வேலை செய்யும் ஸ்டெல்லா அக்கா தங்கவயலைச் சேர்ந்தவர். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஒருநாள் இரண்டரை மணிச் சாப்பாட்டில் தன் டப்பாவிலிருந்து அரை உருண்டை முத்தேயைப் பிய்த்து என் பக்கம் தள்ளினார். வேண்டாம் என்றேன்.

“இன்னாத்துக்கு? எங்க முத்தே உனுக்கு எறங்காதா?”

“இல்லக்கா. வயித்துக்கு ஒத்துக்கல. நெறம் மாறுது.”

“எதோட நெறம்?”

நான் சுவரைப் பார்த்தேன். ஒரு பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வது. அவர் விடவில்லை. கடைசியில் சொன்னேன். அவர் டப்பாவை மூடினார்.

“நான் பொறந்ததுலேர்ந்து முத்தே துன்றேன். கொஞ்சம் கருக்கும், அவ்ளோதான். தார் மாதிரி ஒட்டுதா? நாத்தம் கீதா?”

“ஆமா.”

“அது ராகி இல்ல தம்பி, ரத்தம். எங்க அண்ணனுக்கு அப்டித்தான் போச்சு, வாய்வுன்னு சோடா குட்சினு கெடந்தான். கடேசில பொதச்சோம். எழுந்து வா.”

ஆஸ்பத்திரியில் அந்த இளம் டாக்டர் வலி மாத்திரை போடுவதுண்டா என்று கேட்டார். எப்போதாவது என்றேன். பக்கத்தில் நின்ற அக்கா, “தெனம் ரெண்டு, டாக்டர். பொய் சொல்றாரு” என்றார். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றின் உட்சுவர் செந்நிறமாக வீங்கி, அங்கங்கே புண்ணாகி, ரத்தம் கசிந்திருந்தது. வயிறு தன் புளிப்பு தன்னையே அரிக்காமல் இருக்க ஒரு வழவழப்பைப் பூசிக்கொள்ளுமாம். நான் தினமும் விழுங்கிய மாத்திரை அந்தப் பூச்சைத்தான் அழித்திருக்கிறது. போதாததற்குப் பரிசோதனையில் ஒரு கிருமியும் இருந்தது. மூன்று நாள் படுக்க வைத்து, ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். யாருடைய ரத்தமோ, கன்னடக்காரருடையதாகத்தான் இருக்கும்.

டாக்டர் சொன்னவற்றை எழுதுகிறேன், உங்களில் ஒருவராவது கேட்கட்டும். கிருமிக்கான மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது. புளிப்பைக் குறைக்கும் மாத்திரை காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். வயிறு நிறைந்த பிறகு போட்டால் பலன் குறைவு. வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கவே கூடாது. முட்டிக்கு அவர் வேறு வழி சொன்னார். காரம் மட்டும் குற்றவாளி இல்லை, எரிந்தால் குறைத்துக்கொள்ள வேண்டும். பீடி, சாராயம் ஆகாது. வெறும் வயிற்றில் காப்பி வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். கறுப்பாகப் போனாலோ, ரத்தமாக வாந்தி வந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சோடா கடைக்கு அல்ல.

எல்லாம் சரி. நேரத்துக்கு என்பதுதான் இடித்தது. பதினொரு மணிக்கு நான் சாப்பிட்டாக வேண்டும். சட்டம் இரண்டரை என்கிறது. ஆள் மாற்றுவது எங்கள் கான்ட்ராக்டருக்குப் பல்பு மாற்றுவது மாதிரி. சூப்பர்வைசர் லோகேஷிடம் பேச மூன்று நாள் மனதுக்குள் வார்த்தை அடுக்கினேன். டாக்டர் சீட்டோடு போய் நின்றதும் அவர் நிமிராமலே, “ஊரிகா?” என்றார். ஊருக்கு லீவு கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

“ஊருக்கு இல்ல சார். ஹன்னொந்து கண்டெகெ ஹத்து நிமிஷ. ஊட்டா.” பதினொரு மணிக்குப் பத்து நிமிடம், சாப்பாடு. எனக்குத் தெரிந்த கன்னடம் அவ்வளவுதான்.

“நனகூ கேஸ்ட்ரிக் இதே. எனக்குந்தான் இருக்கு. நான் கேக்கறனா?”

“ரத்தம் போச்சு சார்” என்றேன். “இந்த மாத்திரையாலதான்.” பையில் மிச்சமிருந்த வலி மாத்திரை அட்டையை மேசையில் வைத்தேன்.

அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். பிறகு இழுப்பறையைத் திறந்து தன் அட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒன்று. “ஃபிரிட்ஜுக்குப் பின்னால நின்னு சாப்பிடு. யாரும் பாக்கக் கூடாது” என்றார். நின்று என்பதை மட்டும் இந்த ஊர் விட்டுக்கொடுக்காது.

பொங்கலுக்கு மன்னார்குடி போனேன். பையில் இரண்டு கிலோ ராகி மாவு. ராகி மருந்தில்லை என்று இப்போது தெரியும். ஆனால் நாக்குப் பழகிவிட்டது, அதைத் திட்டவும் வாய் வரவில்லை. என் மனைவி அடுப்பில் ஊருக்குச் சோறும், எனக்கென்று ஒரு சின்னச் சட்டியும் ஏற்றினாள். “கன்னடக்காரருக்குத் தனி ஒல” என்று அவள் சொன்னதற்கு மச்சான்மார் சிரித்தார்கள். பதினொரு மணிக்கு வீட்டில் யாருக்கும் பசியில்லை. எனக்கு மட்டும் வயிறு மணி அடித்தது. அடுக்களைக்குள் போய், பாத்திர அலமாரிக்கும் சுவருக்கும் இடையில், கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் எடுக்க வந்தவள் செம்போடு நின்றுவிட்டாள்.

“இது ஒங்க வீடுங்க. ஒக்காந்து சாப்புடுங்க.”

உட்கார்ந்தேன். தரையில் தட்டை வைத்ததும் ஒரு வாய்கூட இறங்கவில்லை. அவள் அந்தப் பக்கம் போகும்வரை காத்திருந்துவிட்டு, எழுந்து நின்று மீதியைச் சாப்பிட்டு முடித்தேன்.