நீரும் நீதியும் ஏற்றிய வாகனம்

வெளிநாட்டு உதவிக்காரரின் வாகனம் ஓட்டுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு: நல்ல காரியங்கள் நடக்காமல் போவதை முன் ஆசனத்தில் இருந்தே பார்க்கலாம். அந்தத் தொழிலில் இருந்து தேய்ந்தவர்கள் இதை வாசித்தால் தலையை ஆட்டுவீர்கள். மற்றவர்கள் நான் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். சொல்லுங்கள், எனக்குப் பழக்கம்தான்.

ஏன் அந்த வேலைக்குப் போனேன்

சுன்னாகத்துக்குப் பக்கத்தில் என் மனைவிக்குச் சீதனமாக ஒரு தோட்டமும் கிணற்றில் அரைப் பங்கும் தந்தார்கள். மற்ற அரைப் பங்கு அவளுடைய தமையன் பொன்னுத்துரைக்கு. ஒரு நாள் அவன் இறைப்பான், மறுநாள் நான் இறைப்பேன். அதுதான் முறை. பொன்னுத்துரை சந்தையில் வெங்காயம் மொத்தமாக வாங்கி விற்கிறவன். கையில் காசு சேர்ந்ததும் பெரிய இறைப்பு மிசின் ஒன்றை வாங்கி, தன் முறையில் கிணற்றை அடிவரை உறிஞ்சத் தொடங்கினான். என் முறைக்கு மிஞ்சியது உவர்த் தண்ணீர். அதை ஊற்றினால் வெங்காயத் தாள் நுனி கருகும். வழக்குப் போட்டேன். நாட்டில் யுத்தம் முற்றி நீதிமன்றத்தைப் பூட்டினார்கள். என் சட்டத்தரணி கொழும்புக்குப் போய், அங்கிருந்து கனடாவுக்கும் போய்விட்டார்.

அப்போதுதான் அந்த நிறுவனம் வந்தது. குளங்களைத் தூர்வாரி மழைத் தண்ணீரை நிலத்துக்குள் இறக்குவது ஒரு வேலை. நீதிமன்றம் இல்லாத ஊர்களில் தண்ணீர்ச் சண்டைகளைத் தீர்க்க இணக்க சபை அமைப்பது மற்ற வேலை. சாரதி தேவை என்றார்கள். நீரையும் நீதியையும் கொண்டுவருகிறவர்களை ஏற்றி ஓட்டினால் எனக்கும் கொஞ்சம் ஒட்டும் என்று நினைத்துச் சேர்ந்தேன். பொறுப்பாளர் கொக்குவில்காரர், ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார். எல்லாருக்கும் அவர் மாஸ்டர். முதல் நாளே அவரிடம் என் கிணற்றுக் கதை முழுவதையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் சொன்னார்: "எல்லாம் சரி, நீர் முதல்லை வாகனத்தைக் கழுவும்."

முதலில் வந்த பலகை

எங்கள் ஊர்க் குளத்துக்கு மதகு கட்டச் சீமெந்து வேண்டும். சீமெந்து வடக்கே வர அரசாங்கத் தடை. நீர்மட்டம் அளக்கிற கருவி எப்படியோ வந்து சேர்ந்தது. அதற்குப் போடுகிற பற்றரிக்குத் தடை. தடையில்லாமல் வந்தது பெயர்ப்பலகை ஒன்றுதான். இரும்புக் கால் இரண்டு, பெரிய எழுத்து, கீழே ஒரு நாட்டின் கொடி. நானும் மாஸ்டரும் காய்ந்து வெடித்த குளக்கரையில் அலவாங்கால் குழி தோண்டி அதை நட்டோம்.

ஆடு சாய்த்துக்கொண்டு வந்த ஒரு கிழவி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல முழுவதையும் வாசித்துக் காட்டினார். கிழவி இரும்புக் காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். உறுதியாகத்தான் நின்றது. "நல்லது மோனை. உந்தக் குளத்தடியிலை ஆட்டைக் கட்ட ஒரு கட்டையும் இல்லாமல் இருந்தது."

தலைவர் தெரிவு

சீமெந்து இல்லாவிட்டால் என்ன, தூராவது வாருவோம் என்று முடிவானது. ஊரே ஒரு சபையைத் தெரிவுசெய்ய வேண்டும். குளத்து வேலையையும் சண்டை தீர்க்கிற வேலையையும் அதே சபைதான் பார்க்க வேண்டும். இது மேலிடத்து உத்தரவு. கோயில் மடத்தில் கூட்டம் வைத்தார்கள். அந்தக் குளத்தின் ஒரு மூலையைத் தூர்த்து வேலியடைத்து வாழை வைத்திருந்தவன் பொன்னுத்துரை. அது எல்லாருக்கும் தெரியும். அவனைத்தான் போட்டியில்லாமல் தலைவராக்கினார்கள். பிறகு குளத்தை வெட்டினார்கள், அவன் வேலிவரைக்கும். அள்ளிய வண்டல் முழுவதும் உழவு இயந்திரத்தில் அவன் தோட்டத்துக்கே போனது.

அவன் பெயரை முன்மொழிந்தவரைச் சந்தையில் பிடித்து, குளத்தை அடைத்தவனையே ஏன் தலைவராக்கினீர்கள் என்று கேட்டேன். என்னை ஒன்றும் தெரியாதவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "அதாலைதான் அண்ணை. வேறை ஆரையும் போட்டால் உந்த மனுசன் வேலையை நிப்பாட்டிப்போடுவார். தலைவர் எண்டால் வேலிக்கு வெளியிலை வெட்டவாவது விடுவார்."

நல்லூரில் ஒரு நாடகம்

நிறுவனத்தின் வெள்ளைக்கார அம்மா கடலேரியை வள்ளத்தில் கடந்து வந்து சேர்ந்தார். நல்லூரில் ஒரு மண்டபத்தில் சபைக்காரருக்குப் பயிற்சி. அவர் பேச, மாஸ்டர் தமிழில் சொன்னார். பேசித் தீர்ப்பது எப்படி என்று நடித்துக் காட்ட வேண்டுமாம். ஒரே கிணற்றுக்கு இரண்டு பங்குக்காரர். மூத்தவனின் வெங்காயம் வாடுகிறது. சண்டை பிடிக்காமல் முடிக்க வேண்டும். மூத்தவனாகப் பொன்னுத்துரை எழும்பினான். இளையவனாக நடிக்க வேண்டியவர் வரவில்லை. வெளியே வாகனத்துக்குள் இருந்த என்னைக் கூப்பிட்டார்கள்.

அம்மாவின் மனதைப் பிடித்துவிட்டால் பிறகு என் உண்மை வழக்கைச் சொல்லலாம் என்று கணக்குப் போட்டேன். அதனால் நன்றாக நடித்தேன். "அண்ணை, உங்கடை வெங்காயம் வாடக்கூடாது. என்ரை முறையையும் நீங்களே எடுங்கோ" என்றேன். பொன்னுத்துரை சால்வையால் கண்ணைத் துடைத்தான். மண்டபம் கைதட்டியது. அம்மா வந்து என் கையைப் பிடித்து ஏதோ சொல்ல, மாஸ்டர் மொழிபெயர்த்தார்: "இப்பிடி ஒரு பெருந்தன்மையை அம்மா எந்த நாட்டிலையும் காணேல்லையாம்."

சபையின் தீர்ப்பு

அடுத்த கிழமை என் முறையன்று கிணற்றடிக்குப் போனால் பொன்னுத்துரையின் மிசின் ஓடிக்கொண்டிருந்தது. "ஏன்ராப்பா, இண்டைக்கு என்ரை நாளெல்லோ?" என்றேன். "சபையிலை சொன்ன சொல்லு மச்சான்" என்றான். சிரிக்கக்கூட இல்லை. அவன் உண்மையாகவே நம்பியிருந்தான்.

இணக்க சபைக்குப் போனேன். தலைவர் என்றபடியால், தான் இதில் இருக்கக்கூடாது என்று பொன்னுத்துரை எழும்பி வெளியே போனான். அந்த மரியாதையைப் பார்த்தே பாதிப் பேர் அவன் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். அது நாடகம் என்று கத்தினேன். நாடகம் என்றால் கிணறும் வெங்காயமும் மைத்துனனும் ஏன் உண்மையாக இருந்தன என்று கேட்டார்கள். ஊரில் ஒருவன் நாலு பேர் முன் சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்தால் எந்தச் சபையும் நிலைக்காதாம். கடைசியாக மூத்தவர் ஒருவர் தீர்ப்புச் சொன்னார்: "கை தட்டினது நாங்கள். இப்ப இல்லையெண்டு எந்தக் கையாலை தட்டுறது?"

வெற்றிக் கதை

அம்மாவிடமே சொல்லுவோம் என்று மாஸ்டரிடம் போனேன். அவர் அப்போது தட்டச்சு இயந்திரத்துக்கு முன்னால் இருந்தார். பத்து வருடங்களாகத் தீராத ஒரு கிணற்றுத் தகராறு ஒரே நாளில் தீர்ந்தது என்று மேலிடத்துக்கு அறிக்கை போகிறது. அந்தத் தகராறு என்னுடையதுதான். படம் எடுக்க என்னையும் பொன்னுத்துரையையும் கிணற்றுக் கட்டில் தோளோடு தோள் நிற்கச் சொன்னார்கள். நின்றேன். அந்தப் படத்தில் நான் சிரிப்பதாகப் பின்னால் பார்த்தவர்கள் சொன்னார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது எனக்குத் தெரியும்.

இது பொய் என்று எழுதுங்கள், என் வீட்டில் அடுப்பெரிவது அந்தத் தோட்டத்தால் என்று கெஞ்சினேன். மாஸ்டர் கெட்ட மனிதர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: "தம்பி, இந்தத் திட்டத்திலை சரிவந்தது எண்டு காட்ட எங்களிட்டை இருக்கிறது உம்முடைய கிணறு ஒண்டுதான்."

கடைசி முறை

பிறகு மண்ணெண்ணெய்க்கும் தடை இறுகி, அது கிடைக்காமல் போய், பொன்னுத்துரையின் மிசினும் நின்றது. ஒருவரும் இறைக்காததால் கிணறு நிறைந்து, தண்ணீர் நல்ல தண்ணீராகியது. தூர்வாரியும் சபை கூட்டியும் முடியாததை அந்தத் தடை முடித்து வைத்தது. என் முறையை நான் துலாவால் இறைக்கத் தொடங்கிய அந்த ஐப்பசியில், இராணுவத்தின் செல் குண்டுகள் விழ விழ, எங்கள் வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் எழும்பிக் கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தது. நிறுவனம் அதற்கு முன்பே வாகனத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். அத்தனை சனத்துக்கும் ஒரு கிணறு. வரிசையில் எனக்கு முன்னால் பொன்னுத்துரை நின்றான், சால்வை இல்லை, சவரம் இல்லை. அவன் இழுத்த வாளியில் பாதி சேறு. திரும்பி, என்னோடு நின்ற தன் தங்கையின் வெறுங்குடத்தைப் பார்த்தான். பிறகு வாளியை அப்படியே அதற்குள் கவிழ்த்தான். நான் நன்றி சொல்லவில்லை. இன்றைக்கும் சொல்லமாட்டேன். வெறும் வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போகும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "இண்டைக்கு உன்ரை முறை மச்சான்."

நீருக்கும் நீதிக்கும் என்று கடல் கடந்து வந்த அத்தனை பேரையும் ஏற்றி இறக்கிய எனக்குக் கடைசியில் கிடைத்தது ஒரு வாளி கலங்கல், அதையும் பொன்னுத்துரைதான் ஊற்றினான்.