இரண்டு பூட்டுப் போட்ட பால் பவுடர்

அறுபதுகளின் கடைசியில் புதிய அரசு பதவிக்கு வந்தபோது நான் திருச்சி கலெக்டர் ஆபீஸில் ஹெட் கிளார்க். பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு வெளிநாட்டு நிறுவனம் இலவசமாக அனுப்பிய பால் பவுடரில் பாதி, அரியமங்கலம் குடோனிலிருந்து தென்னூர் ஓட்டல்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. காபி கெட்டியாக இருந்ததால் ஊரில் யாரும் புகார் செய்யவில்லை.

புதிய அரசு குடோன் கிளார்க்கை சஸ்பெண்ட் செய்தது. ஊழல் ஒழிந்தது என்று அறிவித்தது. நிறுவனத்தின் சென்னைப் பிரதிநிதி நம்பவில்லை. கலெக்டர் ஆபீஸில் கூட்டம் போட்டார்கள்; மினிட்ஸ் எழுத நான் உட்கார்ந்தேன்.

"இனிமே சாவி எங்ககிட்டதான் இருக்கணும்" என்றார்.

"எங்க குடோனுக்கு நீங்க காவலா? ஓட்டுப் போட்ட ஜனங்களுக்கு நாங்க பதில் சொல்லிக்கிறோம்" என்றார் செயலக அதிகாரி.

"பவுடர் கொடுத்த ஜனங்களுக்கு நான் பதில் சொல்லணுமே, சார்."

முடிவில் இரட்டைப் பூட்டு. ஒரு சாவி தாசில்தாரிடம், மற்றது சென்னையில் பிரதிநிதியிடம். கஜானாவிலும் இரட்டைப் பூட்டு உண்டு, ஆனால் சாவிக்காரர்கள் இருவரும் ஒரே கட்டடத்தில் இருப்பார்கள் என்று சொன்னேன்.

"நீங்க மினிட்ஸ் மட்டும் எழுதுங்க" என்றார் அதிகாரி. எழுதினேன்.

பிரதிநிதி வந்த அன்று தாசில்தார் ஸ்ரீரங்கத்தில் ஆடிப்பெருக்குக் கூட்டத்தைச் சமாளித்துக்கொண்டிருந்தார். தாசில்தார் ஓய்வாக இருந்தபோது பிரதிநிதிக்கு டில்லியில் கூட்டம்.

அரியமங்கலம் பள்ளித் தலைமை ஆசிரியை ஸ்டெல்லா டீச்சர் வாரம் தவறாமல் வந்தார். அவருடைய பிள்ளைகள் பலருக்கு அந்தப் பால்தான் மதியச் சாப்பாடு.

"பிரேயர்லயே மயங்கி விழுதுங்க சார். பூட்டை உடைச்சா என்ன?"

கெட்டுப்போகும் பொருளைச் சாட்சிகள் முன்னால் திறக்க விதி உண்டு. குறிப்பு எழுதி அனுப்பினேன். நிறுவனத்தின் ஒப்புதல் பெறுக என்றது அரசு. அரசின் உத்தரவு வந்ததும் பரிசீலிப்போம் என்றது நிறுவனம்.

ஐப்பசி மழைக்குப் பிறகுதான் இருவரும் சேர்ந்து வந்து திறந்தார்கள். கூரை ஒழுகி, பவுடர் மூட்டைக்குள்ளேயே கல்லாகியிருந்தது. ஆனால் ஒரு மூட்டையும் குறையவில்லை.

"பாத்தீங்களா, களவே இல்ல!" என்று தாசில்தார் கையை நீட்டினார். பிரதிநிதி மகிழ்ச்சியோடு குலுக்கினார். அரசும் நிறுவனமும் ஒத்துப்போனதை நான் பார்த்தது அன்றுதான்.

ஸ்டெல்லா டீச்சர் வாளியோடு வந்திருந்தார். மூட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "பழைய கிளார்க்கையே திரும்பப் போடுங்க சார். திருடினாலும் அந்த மனுஷன் பாதியாவது எங்க பிள்ளைங்களுக்கு அனுப்பினாரு."

புதிதாக வேலையில் சேர்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். திருட்டைத் தடுக்கும் திட்டம் மேசைக்கு வந்தால், பொருள் யாருக்கு, என்றைக்குள் போய்ச் சேரும் என்று முதலில் கேளுங்கள். மினிட்ஸை அப்புறம் எழுதலாம்.