முன்வரிசையில் ஆள் இருக்கு

சந்தேகப்படுவதற்கு ஒலிம்பிக் வைத்தால் விநாசித்தம்பி தங்கப் பதக்கத்தை வாங்கி, பித்தளையோ என்று உரசிப் பார்ப்பார். மலேசிய ஜார்ஜ் டவுனில் யாராவது சிரித்த முகத்தோடு வணக்கம் சொன்னால் மனிதரின் கை முதலில் பர்ஸைத் தடவும். “பாக்கிறதுக்கு ஆள் இல்லேன்னா ஒருத்தனும் நல்லவனா நடிக்க மாட்டான்லா” என்பது அவர் கண்டுபிடித்த உலகத் தத்துவம். அவர் இப்படி ஆரம்பித்தாலே மனைவி அவர் முழங்காலில் இரண்டு தட்டு தட்டுவாள். வாய் மூடிக்கொள்ளும்.

போன வருடம் அவள் இறந்துபோனாள். சவப்பெட்டியருகே கதறிய மகளையும் அவர் விடவில்லை. “யாருக்காக இந்த ஆக்டிங்?” என்று கேட்டுவிட்டார்.

அன்று கோபித்துக்கொண்டு அக்கரையிலிருக்கும் பிறை ஊருக்குப் போன மகள் தாட்சாயினி இன்று பிற்பகல்தான் வந்தாள். அதுவும் அம்மா படத்தை எடுத்துக்கொண்டு, வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக. சுவரிலிருந்து படத்தைக் கழற்றும் சத்தம் தாங்காமல் இவர் தெருவில் இறங்கினார். போகாதே என்று சொல்ல அந்த வாய் பழகியிருக்கவில்லை.

தெருவில் சீனர்களின் பேய் மாதக் கூத்து. மண்டை பிளக்கும் வெயிலில், பட்டும் பவுடருமாக ஒருத்தி மேடையில் அழுது பாடிக்கொண்டிருந்தாள். எதிரே வரிசை வரிசையாகச் சிவப்பு நாற்காலிகள். ஓர் ஈ கூட உட்காரவில்லை.

“அண்ணே, முன்வரிசை வேணாம்!” டீக்கடை முஸ்தஃபா கத்தினார். “அது செத்தவங்களுக்கு விட்ட இடம்லா!”

“ஏதோ பெரிய பட்டம் வாங்கின டத்தோவுக்குப் பிடிச்சு வச்ச சீட்டு. பேய்னு சொன்னா நீயும் நம்புற பாரு!”

உட்கார்ந்தார். அந்த வெயிலிலும் நாற்காலி ஐஸ் பெட்டிக்குள் வைத்து எடுத்தது மாதிரி இருந்தது. பாடுகிறவள் இவரைப் பார்க்கவே இல்லை. இவருக்கு வலப்பக்கம், காலி நாற்காலியையே பார்த்துப் பாடினாள். கண்ணீர் பவுடரைக் கரைத்துக்கொண்டு இறங்கியது.

“பாக்க ஆளே இல்ல. எதுக்கு இந்த அழுகை?” என்று முணுமுணுத்தார்.

முழங்காலில் இரண்டு தட்டு.

கழுத்து திரும்ப மறுத்தது. பக்கத்து நாற்காலி, யாரோ வசதியாகச் சாய்ந்துகொண்டது போல மெல்லக் கிறீச்சிட்டது.

“அப்பா, இந்தாங்க சாவி.” தாட்சாயினி வந்து நின்றாள். கையில் கனத்த படம். அதை அந்த நாற்காலியில் வைக்கப் போனாள்.

“அதுல வைக்காதம்மா. ஆள் இருக்கு.”

“யாருப்பா?”

விநாசித்தம்பி தெருவைப் பார்த்தார். முஸ்தஃபா எப்போதோ கடைக்குள் போய்விட்டார். தெரு முழுக்கத் தேடினாலும் பார்க்க ஒருவரும் இல்லை. அவர் தேம்பித் தேம்பி அழுதார், முழங்காலில் எதையோ பொத்திப் பிடித்துக்கொண்டு.

தாட்சாயினி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு சாவியைத் தன் கைப்பைக்குள்ளேயே போட்டுக்கொண்டு, நாற்காலியைச் சுற்றிப் போய் அதற்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

மேடையில் பாட்டு முடிந்தது. அந்தப் பெண் இவர்கள் இருவருக்கும் நடுவில் பார்த்துக் கும்பிட்டாள்.